பெயிண்ட் வாளியில் ஒரு கொம்பு

இன்று காலையில் ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். விரல் அத்தனையும் பதிந்துவிட்டது. வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, கம்பி இடுக்கில் கையை விட்டு, ஓர மரத்தில் ஒரு கொம்பை ஒடித்தாள். படக்கென்று சத்தம் கேட்டது. கூடவே அந்த வாசனையும் வந்தது. பச்சைக் கொம்பு ஒடிந்தால் வருமே, வெண்டைக்காய் நறுக்கின மாதிரி கொழகொழவென்று, அதே வாசனை. அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன், ஓங்கி ஒன்று விட்டேன். கொம்பு கீழே விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோதுதான் யார் என்று எனக்குத் தெரிந்தது.

யார் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உன்னோடு எனக்குச் சண்டை இருக்கிறது. செத்துப் போனவளிடம் என்ன சண்டை என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோது நாம் வேறு என்ன செய்தோம்?

நாம் பார்த்த வேலையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். கடல் தாண்டி ஏதோ ஒரு தீவு நாடு. அவர்கள் ஊர் மரத்தைக் கப்பலில் கொண்டுவந்து, நம் துறைமுகத்துக்கு வடக்கே, லாரி புழுதிக்கும் உரக் கம்பெனி நாற்றத்துக்கும் நடுவில் நட்டு வைக்கிறார்கள். எதற்கு? நம் ஊர்ப் பூச்சி எது அந்த மரத்தைத் தின்கிறது என்று பார்ப்பதற்கு. இங்கிருந்து போகிற சரக்குப் பெட்டியோடு பூச்சியும் போய்விடுமாம். போவதற்கு முன்னாலேயே எவன் திருடன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்குக் காவலுக்கு நாம் இரண்டு பேர், நமக்கு மேலே பூச்சி டாக்டர். மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை, பூச்சியைப் படித்த டாக்டர்.

முதல் நாள் அவர் நம்மை வலைக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தி விதிகளைச் சொன்னார். வெளிநாட்டு மரம் முதலில் இந்த வலைக்குள் இருக்கணும். அதோட உடம்புல எதுவும் ஒளிஞ்சு வரலைன்னு உறுதியானப்புறம்தான் வெளித் தோட்டத்துல நடணும். ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறந்திருக்கக் கூடாது. இலை, பூ, கொம்பு, மண்ணு, எதுவும் வெளியே போகக் கூடாது. வெளியே நட்டப்புறம் மருந்தே அடிக்கக் கூடாது, எது வேணும்னாலும் கடிக்கட்டும். வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் வேரோட பிடுங்கி எரிச்சிடணும்.

நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இதுங்கள கொல்றதுக்குத்தான் வளக்கறோமா சார்?" என்றாய். அவர் சிரித்துச் சமாளித்தார். எனக்கு உன்னைப் பிடிக்கவே இல்லை. வந்த அன்றே ராங்கு பேசுகிறாளே என்று நினைத்தேன்.

அன்று மதியமே அடித்துக்கொண்டோம். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தவள் உள்கதவையும் வெளிக்கதவையும் சேர்த்துத் திறந்து போட்டுவிட்டாய். "ஏம்மா, கண்ணு பொட்டையா? கதவ சாத்து" என்று கத்தினேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்து என்னை அறைந்தாய். நானும் விடவில்லை, தொண்டையார்பேட்டையில் பிறந்தவள், திருப்பி விட்டேன். இரண்டு பேர் முடியும் கலைந்து, முட்டியெல்லாம் சேறாகி, மூச்சு வாங்க நின்றோம். நீதான் முதலில் சிரித்தாய். "கைல நல்லா வெயிட்டு கீதுடி உனக்கு. பேரு இன்னா?" என்றாய். நூர்ஜஹான் என்றேன். "அவ்ளோ நீட்டா? நூரு போதும்" என்று சொல்லி, டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து நான் உனக்கு நூருதான். என் வீட்டுக்காரர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆற்றில் எண்ணெய் மிதந்து வந்த வருஷத்துக்கு முன்னால் நீ கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடித்தவள். எண்ணெய் வந்து, இறால் போய், உன் கால் தோலும் உரிந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாய். அந்தக் கோபம் உன்னிடம் கடைசி வரைக்கும் இருந்தது. டிரெய்லர் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கல்லைத் தூக்குவாய். மீட்டர் பார்க்க வருகிறவனை கஸ்மாலம் என்று திட்டித்தான் உள்ளே விடுவாய். ஆனால் அந்தக் கன்றுகளிடம் மட்டும் உனக்கு ஒரு குழைவு. பூவரசுக்கு ஒன்று விட்ட தங்கச்சி மாதிரி இருக்கும் அதன் இலை. அதைத் துடைத்துக்கொண்டே, "இதுங்களும் நம்மள மாறிதான் நூரு. எது கடிக்கும், எப்டி சாவும்னு பாக்கறதுக்குன்னே வெச்சிகீறாங்க" என்பாய். வாயைக் கழுவு என்று அதட்டுவேன். எனக்கும் அது உறைக்காமல் இல்லை.

பெருநாள் லீவு போட்டுவிட்டு நான் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்த அன்றுதான் நீ அதைச் செய்திருக்கிறாய். கவாத்து செய்து கழித்த கொம்புகளை எரிக்கிற டின்னில் போடும்போது ஒரு கொம்பைப் புடவைக்குள் செருகிக்கொண்டாய். மறுநாள் நான் கொண்டுவந்த பிரியாணியை நக்கி நக்கித் தின்றாயே, அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் தெருவில் எல்லாரும் செய்கிறதுதான். பூவரசாகட்டும் செம்பருத்தியாகட்டும், ஒரு கொம்பை ஒடித்து நட்டால் போதும். அதுவும் கேட்காமல் ஒடித்து வந்த கொம்புதான் நன்றாகத் தழைக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. வாசலில் பழைய பெயிண்ட் வாளியில் நட்டு, மீன் கழுவின தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாய். பிறகு நான் கேட்டதற்கு என்ன சொன்னாய் தெரியுமா? "எல்லாத்தையும் கடைசில எரிச்சிடுவாங்களே, ஒண்ணாச்சும் பொழைக்கட்டும்னுதான்" என்றாய். அந்த ஒன்று பிழைக்கவேண்டும் என்று நினைத்தாய் பார், அதற்காகத்தான் உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வலைக்கூடத்துக் கன்று ஒன்று வாடினபோது டாக்டர் தண்டைப் பிளந்து பார்த்தார். உள்ளே தண்டை மாவாக அரித்துத் தள்ளின புழு. நம் ஊர்ப் புழு இல்லை, அங்கேயிருந்தே தண்டுக்குள் ஒளிந்து வந்தது. சுத்தமான மரம் என்று அந்த நாட்டு முத்திரையோடுதான் பெட்டி வந்திருந்தது. நம் பூச்சி அவர்கள் ஊருக்குப் போய்விடக் கூடாது என்று ஆரம்பித்த வேலையில், அவர்கள் பூச்சி நம் ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே எல்லாக் கன்றையும் பிடுங்கச் சொன்னார். நீயும் நானும்தான் பிடுங்கினோம். வேரோடு வெட்டி, மூடின கூண்டுக்குள் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்தினோம். பச்சை மரம் லேசில் எரியாது, சீறிச் சீறி நுரை தள்ளியது. மற்ற நாளாக இருந்தால் நீ ஊரையே திட்டித் தீர்த்திருப்பாய். அன்று வாயே திறக்கவில்லை. புகை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உரமூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

"நூரு, எங்க வூட்டாண்டயும் ஒண்ணு கீது."

"இன்னா கீது?"

"கொம்பு. பெயிண்ட் வாளில வெச்சிருந்தேன். நேத்து போய் பாத்தேன், தண்டெல்லாம் ஓட்டை. மாவு மாறி கொட்டிகினு கீது. அத்த அப்பவே எரிச்சிட்டேன்." கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். "படகாண்ட பெரிய பூவரசு நிக்குதே, அதுலயும் மாவு கொட்டுதுடி."

உன்னை அறையக் கையை ஓங்கினேன். உன் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அப்படியொரு முகத்தை அதற்கு முன்னால் நான் உன்னிடம் பார்த்ததில்லை.

"வாய மூடிகினு இருந்தா ஆருக்கும் தெரியாதுல்ல?" என்றேன்.

"தெரியாது."

"அப்புறம் இன்னாத்துக்குடி எங்கிட்ட சொல்ற?"

"என்னை அடிக்கற தெகிரியம் உனக்குத்தான் கீது. அதான்."

இரண்டு பேருமாகத்தான் டாக்டரிடம் போனோம். மனுஷன் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். வேலை போகும், கேஸ்கூட வரலாம் என்றார். "போவட்டும் சார். மரம் நிக்கணுமா போவணுமா, அத்த சொல்லு" என்றாய். "போகணும்மா" என்றார் அவர். "அந்த மரம் மட்டும் இல்ல. தெருவுல இருக்கிற பூவரசு, செம்பருத்தி, தொட்டியில வச்ச வெண்டைச் செடி வரைக்கும், ஒரே குடும்பம், எல்லாம் போகணும். இந்தத் தெருவைத் தாண்டிட்டா எண்ணூர், அதைத் தாண்டினா பழவேற்காடு. அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. கரையில ஒரு பூவரசு மிஞ்சாது." நீ தலையை ஆட்டினாய். பூவரசு இல்லாத கரை எப்படி இருக்கும் என்று மீன்காரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. படகுக்கு விலா அடிக்கிறதே அந்த மரத்தில்தான்.

உன் தெரு கூடியது. அந்தப் பூவரசு நிழலிலேயே கூடியது. அடியில் மஞ்சள் பூசின அம்மன் கல், கிளையில் காய்கிற வலை. நட்டது உன் அப்பா. டாக்டர் பேச ஆரம்பித்ததும் ஒரு செருப்பு வந்து விழுந்தது. உன் தம்பி முன்னால் வந்தான். "எண்ணெய் கொட்னப்போ எந்த ரூல்காரன் வந்தான்? ஆத்துல சாம்பல் கொட்றானே, அங்க போய் பேசு உன் ரூல. எவன் வூட்டு மரத்தையோ காப்பாத்த எங்க ஆத்தா மரத்த வெட்டுவியா?" என்று கேட்டான். தெருவே கைதட்டியது. எனக்கும் தட்டவேண்டும் போலத்தான் இருந்தது. அவன் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பா? இந்த ஊருக்கு விதி என்று ஒன்று வந்தால் அது ஏழை வாசலுக்குத்தான் வரும். கப்பலுக்கு வராது, கம்பெனிக்கு வராது.

அப்போதுதான் நீ சொன்னாய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பூச்சிய கொண்டாந்தது நான்டா."

யார் முதலில் அடித்தார்கள் என்று தெரியவில்லை. உன் முடியைப் பிடித்து இழுத்தார்கள். முதுகில் குத்தினார்கள், காறித் துப்பினார்கள். நீ திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே புகுந்தேன். என் புர்காவைக் கிழித்தார்கள், உதடு பிளந்தது. டீக்கடைப் பக்கம் நின்றிருந்த போலீஸ்காரர்கள் வந்துதான் பிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மரம் வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். அம்மன் கல்லைப் பார்த்ததும் கோடரியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறி நான் போய்க் கோடரியை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். இரும்பு மாதிரிப் பிடி.

"லூசாடி நீ? நீ கைய வெச்சா இது வேற சண்டையா பூடும். ஊரே பத்திக்கும். உங்க ஆளுங்க, எங்க ஆளுங்கன்னு எவனாச்சும் கெளம்பிடுவான். குடு இங்க. எங்க அப்பன் மரம், எங்க ஆத்தா. நான் வெட்டிக்கறேன்."

கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாய். எழுந்தாய். முதல் வெட்டு விழுந்ததும் மரத்திலிருந்து வெள்ளையாக மாவு கொட்டியது, தெருவே பார்த்தது. இரண்டாவது வெட்டுக்கு நீ குனிந்தபோது உன் தம்பி துடுப்போடு ஓடி வந்தான். கையில்தான் அடிக்கப் பார்த்தான், கோடரியைத் தட்டிவிட. கோர்ட்டிலும் நான் அதைத்தான் சொன்னேன், ஏனென்றால் அதுதான் உண்மை. ஆனால் நீ குனிந்துவிட்டாய். துடுப்பு உன் காதுக்கு மேலே இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

மரத்தடியிலேயே மடங்கி விழுந்தாய். மாவு மேலே ரத்தம். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன், உன் ஆத்தாவையும் கூப்பிட்டேன், யார் வந்தாலும் சரி என்று. பெரியாஸ்பத்திரி போகிற வழியில், ஆம்புலன்சுக்கு வழி விடாமல் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. இறங்கி ஒரு லாரியின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தேன். வழி விட்டார்கள். ஆனால் நீ காத்திருக்கவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உன்னைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் உன் தம்பி பொண்டாட்டிதான் முதலில் போய்க் கோடரியை எடுத்தாள். புருஷனைப் போலீஸ் கொண்டுபோயிருந்தது. நீ வெட்டின இடத்திலேயே வெட்டினாள். அப்புறம் ஆண்கள் வந்து அவளிடமிருந்து வாங்கினார்கள். அம்மன் கல்லைப் பெயர்த்துப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மரம் சாய்ந்தது. நேற்று வரைக்கும் வெட்ட விடமாட்டோம் என்று உன்னை அடித்த அதே கைகள், அந்த மரத்தையே உன் சிதைக்கு விறகாகப் பிளந்தன.

டாக்டர் ஓரமாக நின்றார். மூடின கூண்டில்தான் எரிக்கணும் என்று விதி இருக்கிறது. அவர் அதைப் பேசவில்லை. தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லி, வழியில் ஒரு வண்டுகூடப் பறக்காதபடி விறகு வண்டியைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். நான் வண்டியோடு நடந்தேன். சுடுகாட்டு வாசலில் ஒரு பெரியவர் தடுத்தார். "பொம்பளைங்க உள்ள வரக்கூடாதும்மா."

"நான் பொம்பளையா வரல, ஆபீஸ் ஆளா வரேன். எரியறத ஒரு ஆள் நின்னு பாக்கணும்னு ரூல் கீது" என்றேன்.

அவர் விலகிக்கொண்டார். நான் நின்று பார்த்தேன். அந்த மரம் சீறியது, நுரை தள்ளியது, வலைக்கூடத்துக் கன்றுகள் எரிந்த மாதிரியே. உன்னோடு ஒவ்வொரு புழுவும் வெந்து சாகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசிக் கட்டை சாம்பலாகிற வரைக்கும் நகரவில்லை.

அதற்கப்புறம் டாக்டரும் நானும் கரையோரமாக ஒவ்வொரு குப்பமாகப் போனோம். ஒவ்வொரு பூவரசையும் தடவிப் பார்த்தோம். எங்கேயும் மாவு இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. உன் தெருவோடு நின்றுவிட்டது. உன்னோடு நின்றுவிட்டது என்று அழுதுகொண்டே சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, கத்திச் சொல்லத்தான் வருகிறது. எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை. குடும்பத் தகராறில் பெண் பலி என்று மட்டும் வந்தது. அந்தப் பேப்பரைச் சுக்குநூறாகக் கிழித்தேன். கன்றுகள் மறுபடி வந்தன, வலைக்கூடத்தில் இருந்து தேறின, இப்போது வெளித் தோட்டத்தில் நிற்கின்றன. நான்தான் காவல்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். நான் அறைந்தது உன் தம்பி பொண்டாட்டியை.

அவள் அழவில்லை. "அடி. இன்னும் நாலு அடி" என்று கன்னத்தைக் காட்டினாள்.

"இன்னாத்துக்குடி ஒடிச்ச?"

"எங்க வூட்டுக்காரரு ஜாமீன்ல வந்துகீறாரு. வந்ததுலேர்ந்து அந்த மரம் இருந்த எடத்தையே பாத்துகினு குந்திகீறாரு. அக்கா ஆசையா வாளில வெச்ச மரமாச்சே, அதுல ஒரு கொம்பு கொண்டாந்து அங்க நடலாம்னு சொன்னாரு. கேட்டா குடுக்க மாட்ட. கேக்காம எடுத்தாத்தான் தழைக்கும்ல?"

கீழே கிடந்த கொம்பை எடுத்தேன். நீ கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருந்த கவாத்துக் கத்தி என் இடுப்பில்தான் இருக்கிறது. அதை வைத்துக் கொம்பை நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு புழு இல்லை. டின்னில் போட்டுத் தீ வைத்தேன்.

"அதுலதான் ஒண்ணும் இல்லியேக்கா, அப்புறம் இன்னாத்துக்கு எரிக்கற?" என்று கேட்டாள்.

"அவளும் ஒண்ணும் இல்லைன்னுதான்டி எடுத்துகினு வந்தா" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். டீ வாங்கிக் கொடுத்தேன். நம் ஊர்ப் பூவரசை இப்போது நடலாம், டாக்டர் சொல்லிவிட்டார், பழவேற்காட்டுப் பக்கமிருந்து நல்ல கொம்பாக நானே கொண்டுவருகிறேன், உன் புருஷனைக் குழி தோண்டி வைக்கச் சொல் என்று அனுப்பிவைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியுமா என்று தெரியவில்லை. கொம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

என் உள்ளங்கை இன்னும் காந்துகிறது. கைல நல்லா வெயிட்டு கீது என்றாயே, அந்த வெயிட்டு அப்படியேதான் இருக்கிறது. கத்தியும் இருக்கிறது. நாளைக்கு எவள் கை நீட்டினாலும் அறைவேன், அவள் யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி. நீ அந்தக் கொம்பைப் புடவைக்குள் செருகின அன்று நான் மட்டும் லீவு போடாமல் இருந்திருந்தால் உன்னையும் இப்படித்தான் அறைந்திருப்பேன். நீ சும்மா விட்டிருக்க மாட்டாய். திருப்பி அறைந்திருப்பாய்.